தொட்டிலில் கத்தி கொண்டுவந்த வேம்பியின் கை குறித்து வான்துறை நாயகருக்கு

மலை நிற்க. மழை பொழிக. வடம் அறாதிருக்க.

இருகுன்ற நாட்டை ஒரு குடைக்கீழ் வைத்துக் காக்கும் மாமன்னர் நெடுவரையரின் திருவாணை தாங்கி, குடிகாவல் அமைச்சன் கற்குழியூர்ச் சாத்தேவன், வடகுன்றத்து வான்துறையின் நாயகரும், இரு குன்றுகளுக்கிடையே கட்டிய பெருவடத்துக்கும் அதில் தொங்கிச் செல்லும் தொட்டில்களுக்கும் அவற்றில் அமரும் உயிர்களுக்கும் பொறுப்பேற்றவருமான இளவெழினியாருக்கு எழுதி விடுக்கும் ஓலை. உம் துறை நலம் பெறுக. தொட்டிலை இழுக்கும் உம் ராட்டுக்காரர்களின் தோள் தளராதிருக்க. உம் வீட்டில் அடுப்பு அணையாதிருக்க.

நலம் கேட்டாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கல்லுடைக்கும் வேம்பி என்பவள் தொட்டில் ஏற வந்தபோது கொண்டைக்குள் சூரிக்கத்தி மறைத்து வைத்திருந்தாள் என்றும், வடத்தருகே இரும்பு கொண்டுவந்தவர் வலக்கையை இழக்க வேண்டும் என்ற ஆணைப்படி வரும் முழுநிலாக் காலையில் அவள் கை வெட்டப்படும் என்றும், அதற்கு என் ஒப்பம் வேண்டும் என்றும் நீர் எழுதிய ஓலை இன்று விடியலில் வந்தது. ஆறு பெருகி, அஞ்சற்காரன் சேந்தன் ஆறு நாள் கரையிலேயே கிடந்தானாம். முழுநிலாவுக்கு இன்னும் மூன்று நாளே இருக்கிறது. என் ஓலை உம்மிடம் வரவும் மூன்று நாள் பிடிக்கும், அதுவும் ஆறு வழிவிட்டால். குறித்த நாளுக்குள் மறுமொழி வராவிடில் ஒப்பம் கிடைத்ததாகக் கொள்வது நம் நாட்டு வழக்கம் என்பதையும் நான் மறக்கவில்லை. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒப்பம் தரமாட்டேன். கையை வெட்டாதேயும். காரணம் பின்னால் வருகிறது. அதைப் படித்து முடிக்கும்வரை வெட்டுபவனைக் காக்கவைக்க வேண்டாம், இந்த வரியிலேயே அவனை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

வடத்தருகே ஆயுதம் வரக்கூடாது என்பது தவறென்று நான் சொல்லவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன் அண்ணன் தம்பி இருவர் தொட்டிலுக்குள்ளேயே வரப்புத் தகராறை வளர்த்து, ஒருவன் ஓங்கிய அரிவாள் மற்றவன் கழுத்தில் விழாமல் வடத்தில் விழுந்தது. பதினொரு பேர் போனார்கள். அதே ஆண்டு ஒரு பெண் தற்காப்புக்கு மடியில் முடிந்திருந்த மிளகுப்பொடி காற்றில் அவிழ்ந்து ராட்டுக்காரர்களின் கண்ணில் அப்ப, அவர்கள் கைப்பிடியை விட்டுவிட்டார்கள். தொட்டில் பாறையில் மோதியது. இரண்டு முறையும் பள்ளத்தில் இறங்கிப் பிணம் பொறுக்கியவர்களில் நானும் ஒருவன். முழுதாகக் கிடைத்தவை நான்கு.

தொட்டில் ஏறுவோரிடம் பறித்த பொருள்களை எல்லாம் பானையிலிட்டு, உடையவருக்கு அடையாள முடிச்சுக்கயிறு கொடுத்து, அந்தியில் கடைசித் தொட்டிலில் ஆளில்லாமல் அக்கரைக்கு அனுப்புக என்று அப்போது ஆணை எழுதியவன் நானே. பிணம் தூக்கிய கையைக் கழுவிவிட்டு எழுதினேன். வடத்தைத் தவிர வேறெதுவும் அன்று என் கண்ணில் படவில்லை.

தென்குன்றத்து இறங்குதுறையிலிருந்து, வேம்பி போன்றோர் கல்லுடைக்கும் கற்குழிக்கு இரண்டு நாழிகை நடை. இடையில் ஈச்சம்பள்ளம். வேலைக்குச் செல்லும் பெண்கள் விடியலில் அக்கரை சேர்கிறார்கள்; அவர்களுடைய அரிவாளும் கத்தியும் அந்தியில் வந்து சேர்கின்றன. காத்திருந்தால் கற்குழி மேற்பார்வையாளன் உச்சிப்பொழுதோடு பேரை நீக்கிவிடுவான். காத்திருக்காவிட்டால் வெறுங்கையோடு பள்ளத்தைக் கடக்க வேண்டும். ஈச்சம்புதரில் பதுங்கியிருக்கும் கள்வருக்கு இதைவிட என்ன வேண்டும்? தொட்டிலிலிருந்து இறங்கும் ஒருவரிடமும் ஆயுதம் இல்லை என்று அரசே சோதித்து, உறுதி செய்து அனுப்பிவைக்கிறது.

வேம்பியின் தங்கை நாச்சி சென்ற மாதம் தன் அரிவாளை உம் வாயிலில் ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுப் போனாள். மறுநாள் அவளை ஈச்சம்பள்ளத்தில் எடுத்தார்கள். முடிச்சுக்கயிறு அவள் இடுப்பிலேயே இருந்தது.

இதை உம் எழுத்தர், குற்றவாளி தங்கையின் மரணத்தால் மனங்கலங்கி இவ்வாறு செய்ததாகக் கூறினாள் என்று ஒரே வரியாகக் கழுவித் துடைத்து அனுப்பியிருக்கிறார். சேந்தன் அன்று வாயிலில் நின்றவன். அவனுக்குச் சோறு போட்டு உட்காரவைத்துக் கேட்டேன். அவன் சொன்ன பேச்சை அப்படியே எழுதச் சொல்கிறேன். அரச ஓலையில் இது ஏறலாமா என்று என் எழுத்தர் தயங்குகிறார். ஏறட்டும்.

நூலில் தொங்கிய காந்தக்கல் அவள் தலைப்பக்கம் இழுத்ததும் உம் காவலன், "என்னக்கா, கொண்டைக்குள்ள கொல்லன் உலையா வச்சிருக்க?" என்று சிரித்தானாம். வரிசையே சிரித்ததாம். "உலை இருந்தா உன் மூஞ்சியத்தான் முதல்ல காய்ச்சியிருப்பேன். இந்தா, எடுத்துக்க" என்று அவளே கொண்டையை அவிழ்த்துக் கத்தியைக் கீழே போட்டாளாம். "அதுக்காக வடத்துல கத்தியோட ஏறுவியா? நானுந்தானே இந்தத் தொட்டில்ல போறேன், எனக்கும் பிள்ளகுட்டி இருக்குல்ல" என்று அவன் சிரிப்பை விட்டுக் கேட்டிருக்கிறான். "வடத்தை அறுத்தா நானுந்தானேப்பா விழுவேன்? தொட்டில்ல எனக்கு என்னத்துக்குக் கத்தி? அங்கிட்டு இறங்கின பொறவுதான் வேணும்" என்றாளாம். பிறகு நீர் வந்து, கை போகும் என்று தெரிந்தேதான் செய்தாயா என்று வினவியபோது அவள், "தெரியுமுங்க. நாச்சி உங்க சட்டத்துக்கு அடங்கித்தானே போனா? பாடையில வைக்கையில பார்த்தேன், அவளுக்கு ரெண்டு கையும் முழுசாத்தான் இருந்துச்சு" என்றாளாம்.

 

சேந்தன் இன்னொன்றும் சொன்னான். அதே தொட்டிலில் ஏலக்காய் வணிகர் ஒருவர் இடுப்பில் வெண்கலக் குத்துவாளோடு ஏறினார், காந்தக்கல் அசையவில்லை, கல் அசையாததால் ஆயுதம் இல்லை என்று கொண்டு உம் காவலர் அவருக்குக் கைகொடுத்து ஏற்றிவிட்டனர். ஏழு ஆண்டுகளாக இப்படித்தானாம். இன்று காலை அரண்மனைப் பின்கட்டில் பழைய வடத்துண்டு ஒன்றை இழுத்துக் கட்டி வெண்கல வாளால் வெட்டிப் பார்க்கச் செய்தேன். மூன்று வெட்டில் அறுந்தது. வெண்கலம் வாங்க முடிந்தவர் இத்தனை நாள் ஆயுதத்தோடு போய்வந்திருக்கிறார். இரும்புக்கு மேல் வாங்க முடியாதவர் வெறுங்கையோடு போயிருக்கிறார். ஆணையில் இரும்பு என்று மட்டும் எழுதியதும் என் பிழையே.

ஆயினும் வேம்பி குற்றமற்றவள் என்று எழுதமாட்டேன். அந்தத் தொட்டிலில் கைக்குழந்தையோடு ஒருத்தியும் இருந்தாள். மூன்று மாதம் வேம்பி தொட்டில் ஏறக்கூடாது; அதுவரை வடகுன்றத்துக் கோட்டைச் சுவரில் கல் செதுக்கும் வேலை அவளுக்குக் கொடுக்கப்படட்டும். அவளுக்குரிய தண்டனை அவ்வளவே.

ஆயுதப் பானை இனி உடையவர் செல்லும் அதே தொட்டிலின் அடியில், கை எட்டாத ஆழத்தில் தொங்கிச் செல்க. மிளகுப்பொடி மெழுகடைத்த குடுவையில் செல்க. இறங்கியவர் துறையை விட்டு நகருமுன் அவரவர் பொருள் அவரவர் கையில் சேர்க. பானை ஓர் ஆள் எடை என்று ராட்டுக்காரர்கள் முணுமுணுப்பார்கள். ஓர் ஆளைக் குறைத்து ஏற்றும். காந்தக்கல்லை மட்டும் நம்பாமல் கையாலும் தடவிச் சோதியும், பெண்களைப் பெண்களே சோதிக்கட்டும். வெண்கலம், செம்பு, கூர்மூங்கில் எதுவாயினும் பானைக்குப் போகட்டும், ஏலக்காய் வணிகருடையதும்.

ஈச்சம்பள்ளத்துக்குக் காவற்படை கேட்பீர். நானும் மன்னரிடம் கேட்டேன். எல்லையில் போர் நடக்கையில் இருபது பேர்கூட மிச்சமில்லை என்று அருளினார். ஆகவே உமக்குப் பொய் உறுதி தரமாட்டேன். கத்தி கையில் இருந்தாலும் அந்த வழியில் இன்னும் சிலர் சாவார்கள். நாம் பறித்து வைத்துக்கொண்டதால் செத்தார்கள் என்பது மட்டும் இனி இருக்காது.

இவ்வோலை முழுநிலாவுக்குப் பின் வந்து சேருமாயின், வேம்பியிடம் இதைப் படித்துக் காட்டாதேயும். வைத்தியரைப் பக்கத்திலேயே வைத்துக் காயத்தைப் பாரும். வெள்ளம் வடிந்ததும் நானே புறப்பட்டு வந்து, அவள் முகத்தைப் பார்த்து, ஓலை வழியில் கிடந்ததென்று சொல்கிறேன். அவள் என்ன ஏசினாலும் கேட்டுக்கொள்கிறேன். ஓலை பெற்ற நாளை உள்ளபடி அடியில் எழுதித் திருப்பும். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நாளை மாற்றாதேயும்.

சேந்தனுக்கு வழியெங்கும் மாற்றுக் குதிரையும், ஆற்றங்கரையில் பரிசலும் தடையின்றிக் கொடுக்கப்படுக. தடுப்பவர் வடம் அறுத்தவராகவே கொள்ளப்படுவர். இது மன்னர் வாய்மொழி கேட்டு, இருகுன்ற முத்திரை அழுத்தி, ஆவணி வளர்பிறை பன்னிரண்டாம் நாள் உச்சிக்கு முன் விடுத்த ஆணை.

குடிகாவல் அமைச்சன் சாத்தேவன்.

(ஓலையின் அடியில், வேறு கையெழுத்தில்)

பெற்றது தேய்பிறை இரண்டாம் நாள் மாலை. பரிசல் கவிழ்ந்து சேந்தன் நீந்தி வந்தான். படித்துக் காட்டவில்லை. வைத்தியர் பக்கத்தில் இருக்கிறார். இளவெழினி.