நாலாம் மாடிப் பவளமல்லிகை

இன்று காலை இரண்டாம் மாடிப் பெண் தன் மகனுடைய வெள்ளைப் பாடசாலைச் சேர்ட்டைக் கொண்டுவந்து கதவைத் தட்டினாள். தோள்பட்டையில் செம்மஞ்சள் கறை. "அன்ரி, உங்கட பூ" என்று மட்டும் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பாள். நீர் இருந்திருந்தால் என்னிலும் பார்க்கச் சத்தமாகச் சிரித்திருப்பீர்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற இந்த ஒழுங்கைக்கு நான் குடிவந்த புதிதில், இதே கோபத்தோடு உம்முடைய கதவைத் தட்டியவள் நான். நான் மூன்றாம் மாடி, நீர் நாலாம் மாடி. உம்முடைய பல்கனியில் பெயின்ட் வாளியில் நின்ற பவளமல்லிகை விடியற்புறத்தில் பூ உதிர்க்கும். அதைப் பிடிக்க நீர் அடியில் பழைய வேட்டி விரித்திருந்தீர். ஆனால் ஒரு கிளை வெயிலைத் தேடிக் கம்பிக்கு வெளியே நீண்டு, நேரே என் உடுப்புக் கொடிக்கு மேலே நின்றது. காம்பு பட்ட இடமெல்லாம் கறை. நீர் மன்னிப்பே கேட்கவில்லை. "நிலத்தில விழுந்த பவளமல்லிகையையே சாமிக்கு வைக்கலாம். தோய்ச்ச சீலையில விழுந்தது இன்னும் விசேஷம். பொறுக்கிக்கொண்டு வாரும்," என்றீர். மறுநாள் பொறுக்கிக்கொண்டு போனேன். பிறகு பதினொரு வருடம் போனேன். போன இடத்தில் கோப்பியும் ஊர்க்கதையும்.

அந்தச் செடியை நீர் வளர்த்த விதம் முதலில் எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. வாளியின் அடியில் ஓட்டை போட்டு, தென்னந்தும்பு பரப்பி, தண்ணீர் தேங்காமல் இரண்டு செங்கல்லின் மேல் ஏற்றி வைத்திருந்தீர். கடற்காற்றில் உப்புப் படிகிறதென்று, பிள்ளைக்கு முகம் துடைப்பதுபோல ஈரத்துணியால் இலை இலையாகத் துடைப்பீர். வருடத்தில் பாதிக்கு மேல் அது வெறும் சொரசொரத்த இலைதான். பனி துவங்கட்டும் என்பீர். பனி துவங்கினால் படிக்கட்டு முழுவதும் வாசம்.

மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கனடா போனபோது வீட்டைப் பூட்டித் திறப்பை என்னிடம் தந்தீர். தண்ணீர் ஊற்றினேன், இலையும் துடைத்தேன். நீர் தை பிறந்துதான் திரும்புவதாக இருந்தது. ஆளில்லாத வீட்டில் பூசையும் இல்லை, யாருக்குப் பூ, என் சீலைகளாவது தப்பட்டும் என்று புரட்டாதியில் ஒருநாள் அந்த நீட்டுக் கிளையை வெட்டினேன். கைக்குச் சுகமாக இருந்தது, மற்றக் கிளைகளின் நுனிகளையும் நறுக்கினேன். கடுகளவு மொட்டுகள் பிடித்திருந்ததை, நிலத்தில் கிடந்தபோதுதான் கண்டேன்.

கார்த்திகையிலேயே வந்துவிட்டீர். பாதியாக மெலிந்திருந்தீர். அங்கே வைத்தியர்கள் கையை விரித்த பிறகு, திருவெம்பாவைக்கு வீட்டில் நிற்க வேண்டும் என்று மகளோடு சண்டை பிடித்து வந்ததாகச் சொன்னீர்.

மார்கழியில் திருவெம்பாவைப் பத்து நாளும் விடிய எழும்பி வேட்டியை விரித்தீர். ஒரு பூ விழவில்லை. நான் கோயிலடியில் செவ்வரத்தம்பூவும் மாலையும் வாங்கி வந்தேன். நீர் கேட்காமலே, இந்த முறை உப்புக்காற்று அதிகம் என்று சொன்னேன். நீர் ஓம் என்று தலையாட்டினீர். அந்த ஓம் இன்றைக்கும் எனக்குச் செமிக்கவில்லை.

பொங்கல் கழிந்த ஒரு பின்னேரம். நீர் கட்டிலில் படுத்தபடி பல்கனியைப் பார்த்துக்கொண்டிருந்தீர். நான் உமக்குத் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"இனி வெட்டுறதெண்டா மாசியில வெட்டும். பூ முடிஞ்சாப் பிறகு. அப்ப அது தாங்கும்," என்றீர்.

நான் கேளாதவள் போலக் கோப்பையை நீட்டினேன். அடுத்த கிழமை நீர் இல்லை.

வீட்டை விற்க வந்த உம்முடைய மகள், ஏதாவது எடுங்கோ அன்ரி என்றாள். வாளியை இறக்கிக்கொண்டு வந்தேன். மாசியில்தான் வெட்டுகிறேன். செடி கொள்ளையாய்ப் பூக்கிறது, அதைப் பார்க்கவே சில நாள் வெட்கமாக இருக்கிறது.

தெரிந்தவருக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று இத்தனை காலம் என்னை நானே சமாளித்தேன். தெரிந்தும் நீர் காத்திருந்தீர். நான் சொல்வேன் என்றுதான் காத்திருந்தீர். உம்முடைய கடைசி மார்கழிக்கு ஒரு பூ இல்லாமல் செய்துவிட்டு, பழியைக் கடலில் போட்டேன்.

காற்றில்லை, உப்பில்லை. வெட்டினது நான்.