பின்கதவு ஒயர்

வைகாசி, ஞாயிறு.

வாசலில் நின்ற கார் இன்று பேத்தியை உள்ளே வைத்துத் தானாகப் பூட்டிக்கொண்டது. சாவியும் உள்ளே. மகன் மாற்றுச்சாவியுடன் ஓடி வருவதற்குள் குழந்தை வியர்வையில் நனைந்துவிட்டாள்.

பின்கதவின் கீலருகே அறுந்திருந்த ஒயரை நேற்று இணைத்தது நான்தான். தறியில் அறுந்த பாவு இழையைப் பிணைக்கும் பழக்கத்தில் விரலில் சாம்பல் தொட்டு முறுக்கி, டேப் சுற்றினேன். கதவு மடங்கி மடங்கி முறுக்கு தளர்ந்து, பக்கத்து ஒயரில் உரசி, பூட்டு தானாக விழுந்திருக்கிறது.

"சாம்பல் தொட்டு முறுக்க கதவு இன்னா தறியா?" என்றாள் மனைவி.

மகன், "வுடு நைனா, இப்ப சரி பண்ணிட்டல்ல? காலைல இதே கார்ல திருமுக்கூடல் கோயிலுக்குப் போவணும்," என்றான்.

சரி என்றேன். ஈயம் வைத்துப் பற்றவைத்தாயிற்று. எத்தனை முறை சோதித்தும் பூட்டு தவறவில்லை. ஆனாலும் என் கையை நான் நம்பவில்லை. எல்லோரும் படுத்த பிறகு தானியங்கிப் பூட்டின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டேன். நாளை கதவுகளைக் கையால்தான் பூட்ட வேண்டும். மகன் திட்டுவான். திட்டட்டும்.