எனக்குத்தானுங்க

2024 ஜூன் 11
இன்றும் கம்பெனிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். மூக்கு ஒழுகுகிறது, கால் குடைகிறது, கொட்டாவி நிற்கவில்லை. வலி மாத்திரை தீர்ந்தால் இப்படித்தான். கிரைண்டர் பெட்டி தூக்கி இடுப்புப் பிடித்தபோது வாங்க ஆரம்பித்தது. இடுப்பு வலி எப்போதோ போய்விட்டது.

ஜூன் 14
மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கும் போதை மறுவாழ்வு மையத்துக்கு போன் போட்டேன். "ஆம்பளைங்களுக்கு மட்டும்தானுங்க." பெண்களைச் சேர்க்கும் இன்னொரு இடத்தின் நம்பர் கொடுத்தார்கள். அங்கே கேட்ட தொகைக்குத் தாலிக்கொடியை விற்றாலும் போதாது.

ஜூன் 19
அரசு ஆஸ்பத்திரி. மதுக்கரையிலிருந்து இரண்டு பஸ். போதைப் பிரிவுக்குச் சீட்டு எழுதுபவர், "ஆருக்கு அம்மணி, ஊட்டுக்காரருக்கா?" என்றார். ஆமாங்க என்றேன். "அப்ப அவரைக் கூட்டிட்டு வாங்க."
திரும்பி வந்துவிட்டேன். பாவம் மனோஜ்குமார், நாக்பூர் பக்கம் எங்கோ லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறார். பீடிகூடத் தொடாத மனுசன்.

ஜூன் 20
ஒரு அட்டை மாத்திரை வாங்கிவிட்டேன்.

ஜூலை 3
மறுபடி போனேன். "எனக்குத்தானுங்க" என்றேன். பின்னால் நின்றவர்கள் பார்த்தார்கள்.
டாக்டர் ரம்ஷா என்னைவிடச் சின்னவர். திட்டுவார் என்று நினைத்தேன். "இது ஒரு நோயிங்க. மருந்துக்குக் காசு வேண்டாம். ஆனா வாரா வாரம் வரணும்." படுக்கையில் சேர்ப்பீர்களா என்று கேட்டேன். இருப்பது ஆண்கள் வார்டு மட்டும். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 15
மனோஜ் வந்திருந்தார். சொல்லிவிட்டேன். பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். "ஊருல ஆருகிட்டயும் சொல்லிப்போடாத." அவ்வளவுதான். இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. இன்று லாரி எடுத்துப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 28
வாராவாரம் லீவு கேட்டால் சூப்பர்வைசர் முறைக்கிறார். அதனால் ஆஸ்பத்திரியை விட்டேன். மாத்திரைப் பழக்கம் திரும்ப வந்துவிட்டது — ஐயோ, ஏன் இப்படிப் பண்ணிப்போட்டேன். ஆருகிட்டப் போயி அழுவுறது?

செப்டம்பர் 4
டாக்டரிடம் மறைக்கவில்லை. கோபமாகவே பேசிவிட்டேன். "இலவசம்னு சொல்றீங்க. எங்களுக்கு ஒருநாள் கூலி போகுதுங்க. மருந்தை மதுக்கரைக்கே கொண்டாந்தா என்னங்க? பொம்பளைங்களுக்குன்னு ஒரு நேரம் வெச்சா என்ன?"
"மேல கேக்கறேன். கிடைக்கும்னு சொல்ல முடியாதுங்க" என்றார்.

நவம்பர் 20
கிடைத்துவிட்டது. மதுக்கரை சுகாதார நிலையத்தில், புதன்கிழமை சாயங்காலம், ஷிப்ட் முடிந்த பிறகு, பெண்களுக்கு மட்டும். டாக்டரே வந்தார். வந்தது நான் மட்டும்தான்.

டிசம்பர் 11
இன்றும் நான் மட்டும். "ஒருத்தருக்காக எத்தனை நாள் விடுவாங்கன்னு தெரியலீங்க" என்றார் டாக்டர். மூடிவிட்டால் நான் என்ன செய்வேன்?

டிசம்பர் 13
பேக்கிங்கில் எனக்கு எதிரே உட்காரும் உம்மல் குல்சும் காலையிலிருந்து கொட்டாவி விடுகிறாள், மூக்கைத் துடைக்கிறாள். அந்தக் கொட்டாவி எனக்குத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் போய் என் கதையைச் சொன்னேன். எல்லோர் காதிலும் விழுந்தது. குல்சும் டப்பாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

டிசம்பர் 16
யாரும் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. மனோஜ் போனில், "ஊரே பேசுது" என்றார்.

2025 ஜனவரி 8
சுகாதார நிலையத்துக்கு குல்சும் வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, என்னிடம் பேசாமல், நேராக டாக்டரிடம் போனாள்.

பிப்ரவரி 19
இன்று நாற்காலி போதவில்லை. யாரும் யாரோடும் பேசிக்கொள்ளவில்லை. மாத்திரை இல்லாமல் எனக்கு இது இரண்டாவது மாதம். ஒரு வயதான அம்மா வாசலிலேயே தயங்கி நின்றார். எழுந்து என் இடத்தைக் காட்டினேன்.