எல்லாருக்கும் கஞ்சி, பாலம்மாளுக்குப் புத்தகம்

குற்றாலம்
1938, ஆடி 16

தம்பி நாறும்பூநாதனுக்கு அக்காள் எழுதுவது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள்: கமிட்டித் தலைவராக நீ, வாத்தியார் அய்யாக்குட்டி, கஞ்சி காய்ச்சும் ஞானபாக்கியம், ஐம்பது பிள்ளைகள், வாசலில் நான். ஒரு முகத்தையும் மறக்கவில்லை.

வாத்தியார் உன் பட்டியலைப் படித்தார். "ஏழைப் பிள்ளையள்லாம் எந்திரி! கஞ்சிக்கு வரிசையில நில்லு!" பன்னிரண்டு பிள்ளைகள் எழுந்தன. மற்றவை சிரித்தன. "ஏட்டி, ஒம் பேரு வந்துட்டு, ஓடு!" என்று பாலம்மாளைச் சீண்டின. அவள் எழுந்திருக்கவே இல்லை. அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்க்கும் மாடன் மகள். ஐந்தாம் வகுப்பில் முதலாவது. வெறும் வயிற்றோடு கணக்குப் போட்டாள்.

எல்லாருக்கும் ஊற்றச் சொல். அரிசி போதாதென்றால் ஒரு குடம் தண்ணீர் சேர். உன் பேரனும் அதே பந்தியில் உட்காரட்டும். புத்தகமும் சிலேட்டும் மட்டும், இப்போது கொடுப்பதுபோலவே, இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடு. சத்தம் போடாமல் கொடு. உன் கல்யாணப் பந்தியில் எனக்கு இலை போடாததையே முப்பது வருஷமாக மறக்காதவள் நான்.

முப்பிடாதியம்மாள்

இலஞ்சி
ஆவணி 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சொல்லைத் தட்டவில்லை. திங்கள் முதல் எல்லாருக்கும் கஞ்சி. என் பேரன் இரண்டாம் தடவையும் கேட்டானாம். கூடுதல் அரிசிச் செலவுக்காகப் புத்தகம் கொடுப்பதை நிறுத்தியாயிற்று. எல்லாருக்கும் ஒன்றுபோல என்றான பிறகு சிலருக்கு மட்டும் எதற்குத் தனியாக? நீ கேட்டதுதானே. இனியாவது சந்தோஷமாக இரு.

தம்பி நாறும்பூ

குற்றாலம்
புரட்டாசி 9

நான் கேட்டது அதுவல்ல என்று இரண்டு கடிதம் போட்டேன். நீ பதில் போடவில்லை. மூன்றாவது இது.

ஒரே கஞ்சி குடித்தால் ஒரே வீடாகிவிடுமா? உன் பேரனுக்கு அலமாரி நிறையப் புத்தகம். பாலம்மாள் வீட்டில் எண்ணெய்க் கிண்ணம். அருவிச் சீசன் முடிந்ததும் மாடன் தேயிலைத் தோட்டத்துக்குக் கிளம்பினான். புத்தகம் கிடைத்தால் பிள்ளையை என்னிடம் விட்டுப் போவதாகச் சொல்லியிருந்தவன். "நான் வாங்கித் தாரேன்லே" என்றேன்.

"வேண்டாம் ஆச்சி. ஒங்ககிட்ட வாங்குனா பிச்சை. பள்ளிக்கூடம் குடுத்தா அது நியாயம். அதான் இல்லன்னுட்டாவளே" என்றான் மாடன்.

நேற்றுக் காலை செங்கோட்டை வழியாக மலையேறிவிட்டார்கள். இனி பாலம்மாளும் கொழுந்து கிள்ளுவாள். எட்டாம் வாய்ப்பாடு வரை சொல்லிக்கொண்டே நடந்தாள்; திரும்பிப் பார்க்கவில்லை.

வாத்தியாரை மன்னித்தேன், எழுதிக் கொடுத்ததைப் படித்தார். சிரித்த பிள்ளைகளையும் மன்னித்தேன். கஞ்சி கொடுத்த புண்ணியவான் என்று ஊர் புகழ்கிற ஒருவனை மட்டும் மாட்டேன்.

அவன் பெயர் இலஞ்சி நாறும்பூநாதன்.