ஐயாவின் துடக்கும் என் பாசிக் குடுவைகளும்

என் ஐயாவுக்கு, உங்களோடு இன்னும் கதைத்து முடியாத மகள் எழுதுவது.

நீங்கள் போய் எட்டாம் நாள் செய்கிற எட்டுச் செலவுகூட முடியவில்லை, அதற்குள் நான் வீட்டை விட்டு வெளிக்கிட்டுவிட்டேன். மயிலிட்டி முழுக்க இப்போது அதுதான் கதை. சாவீட்டுத் தீட்டு, அந்தத் துடக்கு, முப்பத்தோராம் நாள் வரைக்கும் இருக்க, கல்யாணமாகாத பெண் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய்விட்டாளாம். வேறு யாரும் கோள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

போனது பாசிக்காக. சிரிக்காதீர்கள். வள்ளத்தைக் கரையேற்றி, அடியில் பிடித்த பாசியைத் திட்டித் திட்டிச் சுரண்டுவீர்களே, அந்த இனத்தில் ஒற்றைக் கலமாக வாழும் ஒன்று. "நான் சுரண்டி எறியிறதை நீ போத்திலிலை வளர்க்கிறாய். உதை ஆருக்குச் சொல்லி அழுறது?" என்று கேட்டவர்தானே நீங்கள்!

அந்தப் பாசி காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு என்ற கரியமில வாயுவைப் பிடித்துத் தன் உடம்பாக்கிக்கொள்கிறது. பிடிக்கிற வேலை, என்சைம் என்கிற ஒரு நொதியத்துடையது. கலத்துக்குள் அது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதே என் ஆராய்ச்சி. வெளிநாட்டில் ஒருவர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் படமெடுத்துத் தர ஒப்புக்கொண்டிருந்தார். இங்கோ விடுமுறை, ஆய்வுகூடத்தில் ஆளில்லை. கரைசலை மாற்றாவிட்டால் குடுவையோடு எல்லாம் செத்துவிடும்.

தரப்படுத்தல் என்று சொல்லித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வெட்டுப்புள்ளியைக் கூட்டி, என்னோடு படித்த எத்தனை பேரைப் பல்கலைக்கழக வாசலோடு திருப்பினார்கள்! தப்பி உள்ளே போனவள் நான். ஒரு சாவுக்காக அதை விட்டுவிடலாமா? அது உங்கள் சாவாக இருந்தாலும்?

பெரியப்பா வாசல் படலையை மறித்துக்கொண்டு நின்றார்.

"துடக்கோடை எங்கை வெளிக்கிடுறாய்? அவன்ரை சாம்பல் இன்னும் ஆறேல்லை."

"ஐயாவை எரிச்ச புகை ஊரெல்லாம் போயிட்டுது, பெரியப்பா. அதுக்கு ஆர் துடக்குப் பாத்தது?"

அவர் கை ஓங்கிவிட்டார். உங்களைக் கொண்டுபோனதிலிருந்து மூலையில் கிடந்த அம்மா எழும்பி வந்தார். "விடுங்கோ. அவர் இருந்தா மறிச்சிருக்கமாட்டார்." பிறகு என் பக்கம் திரும்பி, "போயிட்டு வா, பிள்ளை" என்றார்.

ஆய்வுகூடத்தில் முக்கால்வாசிக் குடுவைகள் வெளிறிப் போயிருந்தன. இரண்டில் மட்டும் பச்சை மிச்சம். அதைப் புதுக் கரைசலில் விட்டேன். எல்லாம் கழுவி வைத்த பிறகுதான் அழுதேன், ஐயா. வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தபோது வராத அழுகை, அங்கே நிற்காமல் வந்தது.

பெண் என்பதால் என்னைச் சுடலைக்கு விடவில்லை. நீங்கள் எரிந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் எரிந்தது எங்கே போகும் என்பது, அங்கே நின்ற ஆண்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக் கடற்கரைக்கு வருவேன். யார் முகத்தைத் திருப்பினாலும் வருவேன். செய்த பிழைக்குப் பரிகாரம் செய் என்றால் செய்யமாட்டேன், பிழை செய்யவில்லை. அடுத்த நாளே ஆய்வுகூடத்தில் நிற்பேன். காபனீரொட்சைட்டாகிக் காற்றோடு போன உங்களைத் திரும்பப் பிடிக்கக்கூடியது அந்த நொதியம் ஒன்றுதான். அது எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்காமல் நான் விடமாட்டேன்.

உங்கள் மூத்த மகள்