வெறுங்கால் பெருமை

ஜூலை 24

தம்பி ஃபின்டன் அடுத்த ஞாயிறு, யாத்திரைக்காரர்கள் ஏறும் பேட்ரிக் மலையில் வெறுங்காலோடு ஏறப் போகிறானாம். குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்டு, உள்ளூர்ப் பத்திரிகையில் பெயர் வந்ததிலிருந்து வெளியே தலைகாட்டவில்லை. இப்போது பரிகாரம். மானம் கிழிந்த இடத்தில் புனிதத்தை வைத்துத் தைக்கப் பார்க்கிறான்.

"சர்க்கரை இருக்கிறவன் வெறுங்கால்ல நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரில்ல?"

"டாக்டர் என்னக்கா, பாவமன்னிப்பா குடுப்பாரு?"

ஜூலை 28

அவன் லைசென்ஸ் போய்விட்டதால் பூசைக்கும் நான்தான் ஓட்டிப் போகவேண்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஃபாதர் லவெல் 'மார்ட்டிஃபிகேஷன்' என்ற சொல்லைச் சப்புக்கொட்டிச் சொன்னார். அவருக்கு அது உடலை ஒறுக்கும் தவம். ஊருக்கு, அவமானத்தில் கூனிக் குறுகுவது. பழைய அறுவை மருத்துவர்களுக்கு, உயிரோடிருப்பவனின் சதை செத்து அழுகுவது. முதலாவதை மட்டும் ஆட்கள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள்.

ஜூலை 31

மழை. மலையடிவாரத்தில் காரில் காத்திருந்தேன். எல்லாரும் நொண்டிக்கொண்டு இறங்கினார்கள். ஃபின்டன் மட்டும் கடைக்குப் போய் வந்தவன் போல. பின்னாலேயே பக்கத்து வீட்டு அட்ராக்டா.

"ஒரு தடவைகூட முகம் சுளிக்கல எத்னா! ரத்தம் ஒழுகுது, இவன் பாட்டுக்கு ஜெபம் சொல்லிட்டு ஏறுறான். இவன்கிட்ட ஏதோ அருள் இருக்கு!"

வலிக்காதது அருளா? நரம்பு செத்திருக்கும் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லையா?

"காலைக் காட்டுடா."

"எதுக்கு, கேலி பண்ணவா?"

ஆகஸ்ட் 3

இப்போது அவனுக்குக் கோயிலில் முன்வரிசையாம். தூங்கும்போதும் காலுறையைக் கழற்றுவதில்லை.

ஆகஸ்ட் 9

வீட்டில் நாற்றம். ஃப்ரிட்ஜைக் கழுவினேன். நாற்றம் ஃப்ரிட்ஜில் இல்லை, அவன் காலில் — காலுறையை நான்தான் உரித்தேன். இரண்டு விரல் கறுத்துக் கிடக்கிறது. முட்டாள். முட்டாள்.

"ஏன்டா சொல்லல?"

"நீ சிரிப்ப."

ஆகஸ்ட் 11

இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள். பாதம் தப்புமா என்று இன்னும் சொல்ல முடியாதாம்.

ஆகஸ்ட் 14

வார்டுக்கு ஃபாதரும் அட்ராக்டாவும் திராட்சையோடு வந்தார்கள். "உன் வலியையெல்லாம் ஆண்டவருக்குக் குடுத்துட்டப்பா," என்றார் ஃபாதர்.

ஃபின்டன் போர்வையையே பார்த்தான். "எனக்கு வலிக்கவே இல்ல ஃபாதர். ரெண்டு வருஷமா கால்ல உணர்ச்சியே கெடையாது. நீங்கல்லாம் புகழ்ந்தீங்க. நானும் வாங்கிக்கிட்டேன்."

அட்ராக்டா திராட்சைப் பையைக் கையில் எடுத்தாள். யோசித்தாள். திரும்ப வைத்தாள்.

பத்திரிகையில் பெயர் வந்த அன்றுகூட அவன் முகம் இப்படிச் சிவக்கவில்லை. ஏதோ குத்தலாகச் சொல்ல வாயெடுத்தேன். போர்வையை இழுத்து அவன் காலை மூடிவிட்டேன்.

செப்டம்பர் 2

பாதம் தப்பியது. ஊரில் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

புண் ஏதாவது உண்டா என்று தினமும் அவன் உள்ளங்காலைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமாம். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்தான் தரையில் மண்டியிட வேண்டியிருக்கிறது.

"என்ன தெரியுது அங்க?"

"உன் மூஞ்சிக்கு இது எவ்வளவோ மேல். ஆட்டாதே."

எழும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது. அவன் கை கொடுத்தான்.