அணைக்காரி வீட்டு வாளிகள்

என்னங்க,

சாப்பிட்டீர்களா? இங்கே குவார்ட்டர்ஸ் ஜன்னல் இன்னும் சாத்த வரவில்லை. மற்றபடி நலம்.

போன மாதம் பெருமழை என்ற முன்னறிவிப்பை நம்பி, வரும் வெள்ளத்துக்கு இடம் வேண்டுமென்று நான் அணையின் மதகைத் திறந்துவிட்டேன். மழை வரவில்லை. ஊருக்கு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் என்றாகிவிட்டது. நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் குழாயடியில் நடந்ததை உங்கள் தங்கை சொல்லிவிட்டாள். "உங்க வீட்டுக்காரம்மாதானே இருந்த தண்ணியையும் தொறந்து விட்டது?" என்று கீழ்வீட்டுக்காரர் கேட்டாராம். "ஆமாங்க. தொறக்காம மழை வந்திருந்தா உங்க கட்டில் மிதந்திருக்கும். அப்பவும் அவளைத்தான் திட்டியிருப்பீங்க" என்றீர்களாம். சொல்லிவிட்டு அவர் வாளியை முதலில் வைக்கவும் விட்டீர்களாம்.

கேட்டுச் சிரித்தேன். பிறகு கட்டுப்பாட்டு அறையில் யாருக்கும் தெரியாமல் மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

அறுபது வருட மழைக் கணக்கில் இந்த மாதம் பெருமழையே கிடையாது. இரண்டு வருடமாக மழைதான் அந்தக் கணக்கை மதிப்பதில்லை.

இன்று காலை மறுபடியும் அதே முன்னறிவிப்பு. உதவிப் பொறியாளர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும். போனில் சொல்லத்தான் வாய் வரவில்லை. அதனால் ஜீப் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இன்று நம் தெருவுக்குத் தண்ணீர் முறை. வாளி, குடம், அண்டா எல்லாவற்றையும் நிரப்பி வையுங்கள். கீழ்வீட்டுக்காரரையும் நிரப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டிலைத் தூக்கி வைக்க வேண்டியிருக்காது என்றும் சொல்லுங்கள்.

உங்கள்
அணைக்காரி